முத்திரிக்கப்பட்ட குடும்பம்: மார்மன்களின் மறுமையில் மனைவி, மக்கள், மூதாதையர்

நண்பர் கேட்டிருப்பது இது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தன்னோடு பணிபுரியும் ஒரு மார்மன், மனைவியை இழந்தவர். அவளோடு மறுபடியும் குடும்பம் நடத்தப் போவதாகவும், அதற்கு வேண்டியதெல்லாம் கோயிலில் எப்போதோ முடிந்துவிட்டதாகவும் அமைதியாகச் சொல்கிறார். மறுமையில் திருமணமே இல்லை என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, பிறகு இவர்கள் எப்படிக் கிறிஸ்தவர்கள்? இவர் மறுமணம் செய்துகொண்டால் அங்கே இரண்டு மனைவியரா? மணமாகாதவர்களுக்கு நரகமா? கடைசியாக ஒன்று: அவருடைய மகளின் திருமணத்துக்கு வந்த அழைப்பிதழில் வரவேற்புக்கு மட்டுமே கூப்பிட்டிருக்கிறார்கள், கோயிலுக்கு இல்லை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதா?

நான்கு கேள்விகளின் அடியிலும் ஒரே ஐயம்தான் இருக்கிறது. அந்த மனிதர் சொல்வது துக்கத்தில் ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலா, அல்லது அவர் சமயத்தின் கோட்பாடா? கோட்பாடுதான். அந்தச் சமயத்தின் நடுத்தூணே அதுதான் என்றும் சொல்லலாம். மற்றக் கிறிஸ்தவர்களில் பலரும் இறந்த மனைவியை, குழந்தையைப் பரலோகத்தில் காண்போம் என்று நம்புகிறார்கள். ஆனால் அது அவர்களுக்குப் பரலோகத்தோடு கூட வரும் மகிழ்ச்சி. மார்மன்களுக்கோ குடும்பமே பரலோகத்தின் உச்சநிலை. குடும்பம் இல்லாமல் அந்த நிலை இல்லை. அது தானாக வாய்ப்பதில்லை. எவ்வளவு அன்பு இருந்தாலும் போதாது. உரிய அதிகாரம் பெற்றவர், உரிய இடத்தில், அதாவது இத்தகைய சடங்குகளுக்கென்றே உள்ள கோயிலில், செய்துவைக்கும் ‘முத்திரித்தல்’ என்ற சடங்கால் மட்டுமே அது கட்டப்படுகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல், அவர்களில் சிலர் படும் வேதனை இரண்டுமே இதிலிருந்து வருகின்றன.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ சமய வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன், மார்மன் அல்லன். கோயில் சடங்கை உள்ளே இருந்து பார்த்தவனும் அல்லன். அச்சபை தானே வெளியிட்டிருக்கும் நூல்கள், உறுப்பினர்கள் வெளிப்படையாகச் சொல்பவை, வரலாற்று ஆவணங்கள் ஆகியவற்றை வைத்தே எழுதுகிறேன். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்ற சுருக்கப்பெயரைத் தவிர்க்கும்படி 2018இல் அதன் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். நீங்கள் அந்தச் சொல்லில் கேட்டதாலும், வாசகருக்கு அதுவே பழக்கம் என்பதாலும் நானும் பயன்படுத்துகிறேன். உங்களோடு பணிபுரியும் அந்த நண்பரிடம் நேரில் பேசும்போது முழுப்பெயரைச் சொன்னால் மகிழ்வார்.

கதை நியூயார்க் மாநிலத்தின் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஏற்பட்ட சாவில் தொடங்குகிறது என்பது என் கருத்து. 1823 நவம்பரில் ஜோசப் ஸ்மித்தின் மூத்த அண்ணன் ஆல்வின் இறந்தார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர் என்பதால் அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்ற பொருள்பட, அடக்க ஆராதனையில் போதகர் பேசியதாக அக்குடும்பத்தினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். தம்பி ஜோசப் 1830 ஏப்ரலில் புதிய சபையை நிறுவினார். 1836 ஜனவரியில், ஒஹாயோவின் கர்ட்லாந்தில், பரலோகத்தின் மிக உயர்ந்த பகுதியில் ஆல்வினைத் தரிசனத்தில் கண்டதாகவும், அவர் எப்படி அங்கே வந்தார் என்று வியந்ததாகவும் அறிவித்தார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பார்கள் என்பவர்களுக்கும் அங்கே இடமுண்டு என்று விடை கிடைத்ததாம். எட்டு வயதுக்கு முன் இறக்கும் எல்லாக் குழந்தைகளும் அங்கே மீட்கப்படுகிறார்கள் என்ற போதனையும் அதே தரிசனத்தோடு சேர்ந்தது. ஸ்மித்தும் அவர் மனைவி எம்மாவும் 1828இல் முதல் குழந்தையைப் பிறந்த அன்றே இழந்தவர்கள். பின்னும் பல குழந்தைகளைப் புதைத்தவர்கள். இந்தக் கோட்பாட்டை வெறும் இறையியல் ஏற்பாடாக என்னால் வாசிக்க முடியாததற்கு அதுவே காரணம்.

இனி மறுமையின் வரைபடம். 1832 பிப்ரவரியில் ஸ்மித்தும் அவருடைய சக ஊழியர் சிட்னி ரிக்டனும் கண்டதாகச் சொன்ன தரிசனம், ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற அவர்களது வேதநூலில் 76ஆம் பிரிவாக இருக்கிறது. சொர்க்கம், நரகம் என்ற இரண்டே அறைகள் கொண்ட பழைய கட்டடம் அதில் இல்லை. சிலெஸ்டியல், டெரஸ்ட்ரியல், டிலெஸ்டியல் என்று மூன்று மகிமைகள் இருக்கின்றன. முதலாவது சூரியனின் ஒளிக்கும், இரண்டாவது நிலவுக்கும், மூன்றாவது விண்மீன்களுக்கும் ஒப்பிடப்படுகின்றன. பொய்யர்களும் விபசாரிகளும்கூடத் தண்டனைக்காலம் முடிந்தபின் மூன்றாவதில் சேர்கிறார்கள்; அதன் மகிமையே மனித அறிவுக்கு எட்டாதது என்கிறது நூல். ‘வெளி இருள்’ எனப்படும் நிரந்தர நரகத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். உண்மையை முழுமையாக அறிந்தபின் அதை எதிர்த்து நின்றவர்கள். எனவே மணமாகாதவர்களுக்கு நரகமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவுகளோடு ஒப்பிட்டால் நரகத்துக்கு ஆள் அனுப்புவதில் மிகவும் சிக்கனமான சமயம் இது.

ஆனால் நிபந்தனை இதற்கு மேலே இருக்கிறது. 1843 மே மாதம் ஸ்மித் சொன்னவை 131ஆம் பிரிவில் உள்ளன: சிலெஸ்டியல் மகிமைக்குள்ளேயே மூன்று படிகள், மேல்படியை அடைய நித்தியத் திருமண உடன்படிக்கைக்குள் வரவேண்டும், வராதவருக்கு அதற்குமேல் ‘பெருக்கம்’ இல்லை, அதாவது சந்ததி இல்லை. அதே ஆண்டு ஜூலை 12ஆம் நாள் எழுதப்பட்ட 132ஆம் பிரிவு இன்னும் விரிவாகப் பேசுகிறது. உலக வழக்கப்படி மட்டும் மணந்தவர்களின் பந்தம் சாவோடு முடிகிறது. அவர்கள் தேவதூதர்களாக, மேலானவர்களுக்கு ஊழியம் செய்பவர்களாக, தனித்தனியே இருப்பார்கள். அதிகாரத்தோடு முத்திரிக்கப்பட்டவர்களின் பந்தம் உயிர்த்தெழுதலிலும் தொடர்கிறது, அவர்கள் தேவர்களாவார்கள், அவர்களுடைய சந்ததிக்கு முடிவில்லை. மேன்மையடைதல் என்று அவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். 131ஆம் பிரிவு சொல்லும் மூன்று படிகள் சிலெஸ்டியலுக்குள்ளே இருப்பவையா, அல்லது முன்பு சொன்ன மூன்று மகிமைகளையே குறிக்கின்றனவா என்று அண்மைக்காலத்தில் சில மார்மன் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். சபையின் போதனை இன்றும் முதல் பொருளில்தான் நிற்கிறது.

இப்போது மத்தேயு 22க்கு வருவோம். உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர்கள் ஒரு புதிர் போடுகிறார்கள்: சகோதரர் ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண், மறுமையில் யாருக்கு மனைவி? உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, அவர்கள் தேவதூதரைப்போல் இருப்பார்கள் என்று இயேசு பதில் சொல்கிறார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் இதை நேராக வாசித்து, மண உறவு இவ்வுலகோடு முடிகிறது என்கிறார்கள். சாவு பிரிக்கும்வரை என்ற மண உறுதிமொழிக்கும் அதுவே பொருத்தம். மார்மன் வாசிப்பு வேறு. கொள்வனையும் கொடுப்பனையும் என்பது மணம் முடித்துவைக்கும் செயல். அந்தச் செயல் உயிர்த்தெழுந்தபின் நடக்காது, ஆகவே அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். மணமான நிலை அங்கே தொடராது என்று இயேசு சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். 132ஆம் பிரிவில் தேவதூதர்களாகத் தனித்திருப்போர் என்று வருபவர்கள், அவர்கள் பார்வையில், மத்தேயு குறிப்பிடும் அதே மனிதர்கள்தான். துணைக்கு மத்தேயு 16ஐ அழைக்கிறார்கள்: பூலோகத்தில் பேதுரு கட்டுவது பரலோகத்திலும் கட்டப்பட்டிருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால், மத்தேயுவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாசிப்புக்கு யாரும் தற்செயலாக வந்துசேர மாட்டார்கள். மார்மன்களும் அப்படி வந்ததாகச் சொல்வதில்லை. புதிய வெளிப்பாடு கிடைத்தது, அதன் ஒளியில் பழைய வசனத்தை வாசிக்கிறோம் என்கிறார்கள். வேதம் முடிந்துவிடவில்லை, இன்னும் எழுதப்படுகிறது என்பது அவர்களுடைய அடிப்படை. அதை ஏற்காதவரோடு மத்தேயு 22ஐ வைத்து மணிக்கணக்கில் விவாதிக்கலாம். ஒரு அங்குலமும் நகராது. அலுவலக உணவறையில் இந்த விவாதத்தைத் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. மறுமையிலும் மணவாழ்வு உண்டு என்றவர் ஸ்மித் மட்டும் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவீடனின் இமானுவேல் ஸ்வீடன்போர்க் அதை எழுதியிருந்தார். அதைச் சடங்கோடும் அதிகாரத்தோடும் வம்சாவளியோடும் பிணைத்ததுதான் ஸ்மித்தின் புதுமை.

அந்த அதிகாரம் 1836 ஏப்ரல் 3ஆம் நாள் கர்ட்லாந்து கோயிலில் எலியா தீர்க்கதரிசியே தோன்றி ஸ்மித்துக்கும் அவருடைய சக ஊழியர் ஆலிவர் கௌடரிக்கும் கொடுத்தது என்பது நம்பிக்கை. பிதாக்களின் இருதயத்தைப் பிள்ளைகளிடமும், பிள்ளைகளின் இருதயத்தைப் பிதாக்களிடமும் எலியா திருப்புவான் என்ற மல்கியாவின் கடைசி வசனங்கள் இதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். சடங்கு எளிமையானது, நீளமும் குறைவு. வெண்ணிற உடையணிந்த மணமக்கள் ஒரு பலிபீடத்தின் இருபுறமும் முழங்காலிட்டுக் கைகோத்துக்கொள்கிறார்கள். முத்திரிக்கும் அதிகாரம் பெற்றவர் அவர்களைக் காலத்துக்கும் நித்தியத்துக்கும் சேர்த்துக் கணவன் மனைவியாக அறிவிக்கிறார். அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடிகள் இருக்கும். தம்பதியர் எழுந்து பார்த்தால் தங்கள் உருவம் முடிவின்றித் தொடர்வதைக் காணலாம். அப்படி முத்திரிக்கப்பட்டவர்களுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் உடன்படிக்கைக்குள் பிறந்தவர்கள். அவர்களுக்குத் தனிச் சடங்கு தேவையில்லை. பெற்றோர் பின்னாளில் சபையில் சேர்ந்தால், முன்பே பிறந்த பிள்ளைகளையும் தத்துப்பிள்ளைகளையும் கோயிலுக்கு அழைத்துச்சென்று முத்திரிக்கிறார்கள்.

சடங்கு முடிந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. உங்கள் நண்பர் ‘முடிந்துவிட்டது’ என்று சொன்னது பாதி உண்மை. உடன்படிக்கையைக் காக்கிறவர்களுக்கே அது நிலைக்கும். இருவரும் உண்மையாக நடந்தால்தான் பரிசுத்த ஆவியின் ஒப்புதல் அதன்மேல் விழும் என்கிறது கோட்பாடு. முத்திரித்தல் யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக இன்னொருவரோடு கட்டிப்போடாது என்றும் சபை சொல்கிறது. கொடுமைக்காரக் கணவனோடு நித்தியமும் வாழ வேண்டுமா என்று அஞ்சும் பெண்ணுக்கு அதுவே பதில். ஆனால் சிவில் விவாகரத்து முத்திரையை உடைப்பதில்லை. அதை நீக்கச் சபையின் உச்சத் தலைமையின் அனுமதி வேண்டும்.

அடுத்து, இறந்தவர்கள். ஆல்வினுக்குக் கிடைத்த சலுகை எல்லோருக்கும் விரிந்தது. 1840 ஆகஸ்ட் 15ஆம் நாள், இலினாய் மாநிலத்தின் நவூவில், சீமோர் பிரன்சன் என்பவரின் அடக்க ஆராதனையில் பேசும்போது, இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்று ஸ்மித் அறிவித்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவோரைப் பற்றிப் பவுல் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரிதான் வேத ஆதாரம். அதே வழியில் இறந்த தாத்தாவையும் பாட்டியையும் பதிலாள்களை நிறுத்தி ஒருவரோடொருவர் முத்திரிக்கலாம். அவர்களோடு அவர்கள் பிள்ளைகளையும் முத்திரிக்கலாம். அந்த ஆவிகள் மறுமையில் இதை ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். இங்கே செய்வது வாய்ப்பை அளிப்பது மட்டுமே. முன்னோருக்குத் திதி கொடுக்கும் மரபில் வளர்ந்த நமக்கு, இறந்தவர்கள்பால் கடன் உண்டு என்ற உணர்வு புதிதல்ல. வேறுபாடு என்னவென்றால், இங்கே பெயரும் தேதியும் ஊரும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் உலகின் மிகப் பெரிய வம்சாவளி ஆவணக் களஞ்சியத்தை இந்தச் சபை கட்டியது. தொடக்கத்தில் நிலைமை வேறு. தங்கள் பெற்றோர் சபையை ஏற்காதவர்கள் என்பதால், உறுப்பினர்கள் பலர் சபைத் தலைவர்களுக்குத் தத்துப்பிள்ளைகளாக முத்திரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு தலைவருக்குக் கீழும் ஒரு செயற்கைக் குலம் வளர்ந்தது. 1894 ஏப்ரலில் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் இதை நிறுத்தினார்; அவரவர் சொந்தப் பெற்றோருக்கே முத்திரிக்கப்பட வேண்டும், எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகமுடியுமோ அவ்வளவும் போக வேண்டும் என்றார். அந்த ஆண்டு நவம்பரிலேயே யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்றைய ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி அமைப்பு அதன் வழித்தோன்றல். இந்த ஆர்வம் எல்லை மீறியதும் உண்டு. நாஜி இனப்படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயர்களுக்கு ஞானஸ்நானம் செய்யப்பட்டது வெளியே தெரிந்து கொந்தளிப்பு ஏற்பட்டது. 1995இல் யூத அமைப்புகளோடு சபை ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன்பிறகும் மீறல்கள் வெளிவந்தன. யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவரை, அவர் கேட்காமலே இன்னொரு சமயச் சடங்குக்கு உட்படுத்துவதில் அவமரியாதை இருக்கிறது. அதை அன்பின் செயல் என்று விளக்குவது எனக்கு உடன்பாடில்லை.

யாருக்கு எந்த இடம் என்பதில் வரலாறு காட்டும் இன்னொரு முகம் ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. நவூவில் ஸ்மித்தின் வீட்டில் வேலை செய்தவர். அவர்கள் குடும்பத்தில் மகளாக முத்திரிக்கப்பட எம்மா ஸ்மித் ஒருமுறை தன்னை அழைத்ததாகச் சொல்லி, பிற்காலத்தில் யூட்டாவில் அந்த முத்திரித்தலுக்காகத் தலைவர்களிடம் பலமுறை மன்றாடினார். 1894இல் அவருக்குக் கிடைத்தது, நித்தியத்துக்கும் ஜோசப் ஸ்மித்தின் பணியாளாக இணைக்கும் ஒரு தனிச் சடங்கு. அதற்குக்கூட அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளையினப் பெண் நின்றார். 1908இல் அவர் இறந்தார். கறுப்பினத்தவருக்கான குருத்துவ, கோயில் தடை 1978 ஜூனில்தான் நீங்கியது. குடும்பம் நித்தியமானது என்ற கோட்பாட்டை மாணவர்களுக்கு விளக்கும்போது இவர் கதையை நான் விட்டதே இல்லை.

உங்கள் கேள்விகளில் மிகக் கடினமானது மறுமணம் பற்றியது. பலதார மணத்தைத் தொடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 132ஆம் பிரிவு நித்தியத் திருமணத்தை மட்டும் பேசவில்லை. ஆபிரகாமைச் சான்று காட்டிப் பல மனைவியரையும் அனுமதிக்கிறது. எம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து ஏற்குமாறு எச்சரிக்கிறது. ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்ட பெண்கள் 30 முதல் 40 பேர் இருக்கலாம் என்ற மதிப்பீட்டைச் சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஏற்றது. அவர்களில் சிலர் ஏற்கனவே வேறொருவருக்கு மனைவியர்; சில முத்திரித்தல்கள் மறுமைக்கு மட்டுமானவை, இம்மை உறவு இல்லாதவை என்றும் அக்கட்டுரை சொல்கிறது. ஸ்மித் 1844 ஜூனில் கொல்லப்பட்டார். எம்மா மேற்கே போக மறுத்து நவூவிலேயே தங்கினார், வேறொருவரை மணந்தார். அவருடைய மகன் 1860இல் தலைமையேற்ற தனிச்சபை பலதார மணத்தை முற்றாக மறுத்தது. கோட்பாடு பிறந்த வீடே அதன்பேரில் இரண்டாகப் பிரிந்தது.

யூட்டாவுக்குப் போனவர்கள் 1852 ஆகஸ்டில் பலதார மணத்தை உலகறிய அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்திறங்கிய மார்மன் ஊழியர் ரிச்சர்ட் பாலன்டைன் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டும் பெரிதாக ஆள் சேர்க்க முடியாமல் திரும்பினார்; அந்த அறிவிப்பு அப்போது உலகெங்கும் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசு சட்டத்தால் நெருக்கியது. 1890இல் உட்ரஃப் அறிக்கை வெளியிட்டுப் புதிய பலதார மணங்களை நிறுத்தினார். 1904இல் இரண்டாவது அறிக்கை அதை இறுக்கியது. இன்று அப்படி மணப்பவரைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். செய்திகளில் வரும் பல மனைவியர் கொண்ட குழுக்கள் பிரிந்துபோனவை.

இம்மையில் நின்றுவிட்ட பலதார மணம் மறுமை ஏற்பாட்டில் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விதி இப்படி: மனைவி இறந்தபின் ஆண் இன்னொரு பெண்ணுக்கும் கோயிலில் முத்திரிக்கப்படலாம், முதல் முத்திரை அப்படியே நிற்கும். உயிரோடிருக்கும் பெண் ஒரே கணவனுக்குத்தான் முத்திரிக்கப்பட்டிருக்க முடியும். கணவனை இழந்தவள் இன்னொருவருக்கு முத்திரிக்கப்பட விரும்பினால் முந்தையது நீக்கப்பட வேண்டும். அவளும் அவள் கணவர்கள் எல்லோரும் இறந்தபின், சட்டப்படி அவள் மணந்திருந்த எல்லோருக்கும் பதிலாள் வழியாக முத்திரிக்கலாம். யாரோடு இருப்பது என்பது அங்கே தெளிவாகும் என்று விட்டுவிடுகிறார்கள். நெல்சன், அவருக்குப் பின் 2025இல் தலைவரான டாலின் ஓக்ஸ் ஆகிய இருவருமே முதல் மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்கள். ஆகவே உங்கள் நண்பர் இன்னொரு பெண்ணைக் கோயிலில் மணந்தால், ஏட்டின்படி இருவரும் அவருக்கு முத்திரிக்கப்பட்டவர்களே.

அங்கே அது எப்படி இருக்கும்? 2019 அக்டோபர் மாநாட்டில் ஓக்ஸ் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மனைவியை இழந்த ஒருவரை மணக்க எண்ணிய பெண் எழுதியது: மறுமையில் எனக்குத் தனி வீடு இருக்குமா, அல்லது அவரோடும் முதல் மனைவியோடும் சேர்ந்து வாழவேண்டுமா? ஆண்டவரை நம்புங்கள் என்று மட்டும் பதில் சொன்னதாக ஓக்ஸ் தெரிவித்தார். மறுமையின் விவரங்களில் வெளிப்படுத்தப்பட்டவை மிகக் குறைவு என்பது அவர் உரையின் சாரம். கூட்டத்தில் எழுந்த சிரிப்பு, பல மார்மன் பெண்களுக்கு உறைத்தது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். உச்சநிலை என்பதே குடும்பம் என்று போதித்துவிட்டு, அந்தக் குடும்பத்தில் எனக்கு என்ன இடம் என்று கேட்டால் பொறு என்பது கடினமான பதில். ஆனால் கையிலிருக்கும் வெளிப்பாட்டுக்கு மேலே போகாத நேர்மையான பதிலும்கூட.

இதைவிடக் கூர்மையான சிக்கல் இளம் விதவைகளுடையது. முதல் கணவனுக்கு முத்திரிக்கப்பட்ட பெண் மறுமணம் செய்து பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை அவளுடைய பழைய உடன்படிக்கைக்குள்தான் பிறக்கிறது. அதாவது முதல் கணவனோடு செய்ததற்குள். வளர்த்து ஆளாக்குகிறவர் இரண்டாவது கணவர்; ஏட்டில் பந்தம் வேறிடத்தில். இதனால் முத்திரிக்கப்பட்ட விதவையை மணக்கத் தயங்கும் ஆண்கள் உண்டு என்று அச்சபைக்குள்ளேயே பேசுகிறார்கள். தலைவர்கள் இதற்கும் நம்பிக்கையோடிருங்கள் என்றே சொல்கிறார்கள்.

மணமாகாமலே இறப்பவர்களுக்கு என்ன என்பதில் போதனை தெளிவு: தகுதியோடு வாழ்ந்தும் வாய்ப்பு அமையாதவர்களுக்கு எந்த ஆசீர்வாதமும் மறுக்கப்படாது, பின்னால் கிடைக்கும். எப்போது, எப்படி என்பதில் தெளிவில்லை. ஒருபாலின ஈர்ப்பு உள்ளவர்கள் நிலை வேறு. 1995 செப்டம்பர் 23ஆம் நாள் அன்றைய தலைவர் கோர்டன் ஹிங்க்லி வாசித்த குடும்பப் பிரகடனம், பிறப்புக்கு முன்னும் இம்மையிலும் மறுமையிலும் ஆண், பெண் என்ற அடையாளம் மாறாதது என்கிறது. ஒருபாலினத் தம்பதியருக்கு முத்திரித்தல் கிடையாது. தனித்து வாழும் உறுப்பினருக்குச் சொல்லப்படும் ‘பின்னால் கிடைக்கும்’ என்ற சொல் அவர்களுக்கு ஆறுதலாக அமைவதில்லை என்பதைச் சொல்ல நான் மார்மனாக இருக்க வேண்டியதில்லை.

திருமணத்துக்கு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால், அவர்களுடைய கடவுளே மணமானவர் என்பதுதான் ஆழமான பதில். மனித ஆவிகள் பரலோகத் தந்தைக்கும் பரலோகத் தாய்க்கும் பிள்ளைகள். 1845இல் எலிசா ஸ்னோ எழுதிய பாடலொன்று அந்தத் தாயைப் பாடுகிறது. 2015இல் சபை வெளியிட்ட கட்டுரை அவரைப் பற்றிய நம்பிக்கையை உறுதிசெய்கிறது. ஆனால் அவரிடம் ஜெபிப்பதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே தெய்வத்தன்மை அடைகிறார்கள். ஒருவர் தனியாக அடைய முடியாது. இதைச் சுருக்கி, ஒவ்வொரு மார்மனுக்கும் ஒரு கிரகம் கிடைக்கும் என்று இணையத்தில் கேலி செய்வார்கள். அப்படி ஒரு போதனை வேதநூலில் இல்லை, சபையும் அதைக் கேலிச்சித்திரம் என்றே மறுத்திருக்கிறது. முடிவில்லாத சந்ததி என்பது 132ஆம் பிரிவில் இருக்கிறது. அது எவ்வகைப் பிறப்பு என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைவர்கள் துணிந்து விவரித்ததை இன்றைய தலைவர்கள் தொடுவதே இல்லை.

கடைசியாக அழைப்பிதழ். அவமதிப்பு ஏதுமில்லை. கோயிலுக்குள் நுழைய உறுப்பினருக்கே பரிந்துரை அட்டை வேண்டும். நேர்காணலில் நம்பிக்கை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, ஒழுக்கம், மது, புகையிலை, தேநீர், காபி விலக்கல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித் தகுதி பெற்றவர்களுக்கே அது கிடைக்கும். மணப்பெண்ணின் சொந்தத் தாய் தந்தையே உறுப்பினர் அல்லர் என்றால் வெளியே தோட்டத்தில்தான் காத்திருக்க வேண்டும். இதனால் குடும்பங்களில் ஆறாத மனக்கசப்புகள் உண்டு. அமெரிக்காவில் முதலில் பொதுவான திருமணம் செய்தவர்கள் முத்திரிக்கப்பட ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2019 மே மாதம் சபை கைவிட்டது. இப்போது எல்லோர் முன்னிலையிலும் மணந்துவிட்டுப் பிறகு கோயிலுக்குச் செல்லும் இணைகள் உண்டு. உங்கள் நண்பரின் மகள் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வரவேற்புக்குப் போங்கள். மது இருக்காது. மோதிரம் மாற்றிக்கொள்வது கோயில் சடங்கின் பகுதி அல்ல என்பதால், அதை எல்லோரும் பார்க்க அங்கே வைத்திருக்கக்கூடும். மணப்பெண்ணின் தாயைப் பற்றிப் பேச்சு வந்தால் தயங்காமல் பேசலாம். அவர்கள் பேசவே விரும்புவார்கள். மறுமணத்தைப் பற்றி மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டாம். முத்திரிக்கும் அறை எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையென்றால் அதற்கும் வழியிருக்கிறது: புதிய கோயிலையோ புதுப்பித்த கோயிலையோ பிரதிஷ்டை செய்யுமுன் சில வாரங்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். 2019 டிசம்பர் இறுதியில் புதுப்பிப்புக்காக மூடப்பட்ட சால்ட் லேக் கோயிலை 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். யூட்டாவிலேயே இருக்கிறீர்கள்; உங்கள் நண்பரையே கூட வரச் சொல்லுங்கள்.